தம்புச்செட்டித் தெருவில் ஓர் அஞ்சல் வாசல்: ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே, ஒன்பது மாத அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. அதை ரூபாய்க் கணக்கில் சொல்ல முடியும்.

காளிகாம்பாள் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, ஏணிபோல் செங்குத்தாக ஏறும் படிக்கட்டுக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் சுங்க முகவர் அலுவலகம். இறக்குமதியாளர்களுக்காக பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க அறிக்கையைத் தாக்கல் செய்வது தொழில். தாக்கலுக்கு முன் செக்லிஸ்ட் என்ற ஒன்றை வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம். சரக்கின் பெயர், வகைப்பாட்டு எண், மதிப்பு, வரி எல்லாம் அதில் இருக்கும். அவர் பார்த்துவிட்டு 'சரி' என்று பதில் அனுப்பினால்தான் நாங்கள் கை வைப்போம். பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் ஆகிவிட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம்: முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு ₹5,000, அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ₹10,000.

சென்ற ஆண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு வியாழக்கிழமை மாலை அனுப்பிய செக்லிஸ்ட், அவருடைய குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. நாங்கள் பதிலுக்குக் காத்திருந்தோம். அவர் செக்லிஸ்டுக்குக் காத்திருந்தார். சரக்கு வந்து இறங்கிவிட்டது. இரண்டு நாள் கட்டணத்தை யார் ஏற்பது என்று தொலைபேசியில் நடந்த விவாதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. முடிவில் நாங்கள்தான் ஏற்றோம்.

அன்று மாலை முதலாளி என் மேசைக்கு வந்து, "அம்மா, அனுப்பினோம் என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி என்னை ஏன் அவ்வளவு சுட்டது என்பதைச் சொல்ல வேண்டும். 1996-இல் நான் இங்கே சேர்ந்தது அனுப்புகை எழுத்தராக. நீள நோட்டில் கோடு போட்டு, தேதி, பெறுநர், பொருள், தபால்தலை மதிப்பு, பதிவு அஞ்சல் எண் என்று எழுதி, மாலையில் உறைகளை அள்ளிக்கொண்டு ராஜாஜி சாலைப் பொது அஞ்சலகத்துக்கு ஓடுவேன். 1884-இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தின் கவுன்டரில் வாங்கிய ரசீதுகளை நோட்டிலேயே ஒட்டி வைப்பேன். 1998-இல் போன கடிதம் ஒன்றுக்கு 2001-இல் வழக்கு வந்தபோது ரசீதை எடுத்து நீட்டியவள் நான். கணினி வந்தபிறகு அந்த நோட்டு பரணுக்குப் போயிற்று. அதன் இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை. பழைய பணியாளர் ஒருவர் விட்டுப்போன சர்வர் பெட்டியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், பத்து ஆண்டுகளாக அதுவும் என் பொறுப்பு. படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பழகித் தெரிந்துகொண்டது. இந்த மதிப்புரையை அந்த அளவோடு வாசியுங்கள்.

அஞ்சல் ஏன் குப்பைக்குப் போயிற்று என்பதை என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டை வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்தான். எங்கள் சர்வர் அலுவலக இணைய இணைப்பிலிருந்தே உலகத்துக்கு நேரடியாக அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பின் ஐ.பி. எண்ணை, அதாவது இணையத்தில் அதன் விலாசத்தை, யாருடையது என்று திருப்பித் தேடினால் எங்கள் பெயர் வராது. இணைப்பு கொடுத்தவர்கள் தங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் வைத்திருக்கும் பொதுப் பெயர்தான் வரும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்புகிற எல்லாருக்கும் சில நிபந்தனைகள் விதித்திருக்கிறது. ஐ.பி. எண்ணும் பெயரும் முன்னும் பின்னும் பொருந்த வேண்டும். எஸ்.பி.எஃப். (நம் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்) அல்லது டி.கே.ஐ.எம். (கடிதத்தில் இடும் மின் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது வேண்டும். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வேண்டும். நாங்கள் நாளொன்றுக்கு முந்நூறு, நானூறுதான் அனுப்புகிறோம். ஆனாலும் விலாசமே இல்லாத வீட்டிலிருந்து வரும் கடிதத்தை யார் நம்புவார்கள்?

"சித்தி, உங்களுக்கு வேண்டியது ஒரு வாசல். எல்லா அஞ்சலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எந்தக் கடிதம் எந்த வழியில் போகிறது என்பதை அங்கே நீங்களே தீர்மானிக்கலாம்" என்றான். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். எல்லாரும் அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்றார்கள். எங்களிடம் 41 பெட்டிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவன் சொன்ன ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வேயை நிறுவினேன். வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனம் எழுதுவது. 2018-இலிருந்து திறமூல உரிமத்தில் கிடைக்கிறது. அடியில் டெபியன் லினக்ஸ், அஞ்சலைக் கையாள்வது போஸ்ட்ஃபிக்ஸ், குப்பையை அளக்க ஸ்பேம்அசாசின், வைரஸுக்கு கிளாம்ஏவி. எல்லாமே ஏற்கெனவே இருப்பவை. இந்த நிறுவனம் அவற்றைக் கட்டி, முன்னால் ஒரு நல்ல திரையை வைத்திருக்கிறது. பணம் கட்டாவிட்டால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 'உங்களிடம் சந்தா இல்லை' என்று ஒரு சிறு பெட்டி எழுந்து சொல்லும். 'சரி' என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றைத் துடைத்து வைத்தேன். பென் டிரைவில் ஏற்றி, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. வட்டிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு உலாவியில் 8006 என்ற எண்ணோடு திறந்தால் திரை வந்துவிடும்.

உள்ளே வரும் அஞ்சலை வடிகட்டுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதை இது நன்றாகவே செய்கிறது. நான் சொல்லவந்தது வெளியே போகும் அஞ்சலைப் பற்றி.

முதலில் வாசல் எண். எங்கள் தெருவில் போர்ட் என்று யாராவது சொன்னால் துறைமுகம் என்றுதான் பொருள்; இங்கே அது வேறு. இந்தக் கேட்வேயில் 25 என்ற போர்ட் வெளியாருக்கு, 26 என்ற போர்ட் நம் வீட்டாருக்கு. உள் சர்வர் 26-இல் கொண்டுவந்து கொடுத்தால் அது வெளியே போகும் கடிதம். 25-இல் கொடுத்தால் வெளியிலிருந்து வந்த கடிதமாகக் கருதி, வருகைக்கான விதிகளை ஓட்டும். ஸ்கேனர் இயந்திரத்தில் பழைய 25-ஐ நான் மாற்ற மறந்துவிட்டேன். ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்கள் ஏன் போகவில்லை என்று அரை நாள் தேடினேன். கூடவே, எந்த உள் முகவரிகள் இதன் வழியே அனுப்பலாம் என்பதை நம்பகமான நெட்வொர்க்குகள் பட்டியலில் எழுத வேண்டும். சோம்பல்பட்டு அதில் பெரிய வீச்சைப் போட்டுவிடாதீர்கள். ஊரில் உள்ள குப்பை அஞ்சல்காரர்களுக்கெல்லாம் உங்கள் வாசல் திறந்துவிடும்.

அடுத்தது ஸ்மார்ட்ஹோஸ்ட். நம் இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்பாமல், நல்ல பெயருள்ள ஓர் அஞ்சல் ரிலே சேவையிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. அவர்கள் பெயரில் வெளியே போகும், ஐ.பி. பிரச்சினை அவர்களுடையது. திரையில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயரும் போர்ட் எண்ணும் போட்டால் போதும். ஆனால் ரிலே சேவைகள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். நான் நிறுவிய பதிப்பில் அவற்றை எழுதத் திரையில் இடம் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸிடம் போக வேண்டும்.

இதற்கு மேல்தான் என் சிக்கல் தொடங்கியது. எங்களிடம் இருப்பது ஒரு நிறுவனம் அல்ல. சுங்க முகவர் தொழில் ஒன்று. முதலாளியின் தம்பி பார்க்கும் லாரி போக்குவரத்து இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்), தனித்தனி ரிலே கணக்கு. ஒன்றின் கணக்கில் மற்றதன் பெயரில் அனுப்பினால் ரிலே ஏற்காது. மணலியில் சரக்குக் கிடங்கு ஒன்று வைத்திருக்கிறோம். அங்கே தனியாக ஒரு சிறிய அஞ்சல் சர்வர், அதற்கு வி.பி.என். என்ற தனிப்பட்ட இணைப்பு. தம்புச்செட்டித் தெருவிலிருந்து மணலிக்குப் போகும் கடிதம் எதற்காக ஊரைச் சுற்றி ரிலே வழியாகப் போக வேண்டும்?

ஆக எனக்கு வேண்டியவை மூன்று வழிகள். சுங்க நிறுவனப் பெயரில் போவது ஒரு வழி. லாரி நிறுவனப் பெயரில் போவது இன்னொரு வழி. யார் அனுப்பினாலும் மணலிக்குப் போவது மூன்றாவது வழி.

மூன்றாவதுதான் மிக எளிது. டிரான்ஸ்போர்ட்ஸ் என்ற பக்கத்தில் டொமைன் பெயர், எந்த முகவரி, எந்த போர்ட் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பக்கத்திலேயே எம்.எக்ஸ். பார்க்க வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். 'இந்தப் பெயருக்கு அஞ்சல் வாங்கும் சர்வர் எது என்று டி.என்.எஸ். என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் போய்க் கேள்' என்பது அதன் பொருள். நமக்கு இடம் தெரியும், கேட்க வேண்டியதில்லை. அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டும் அனுப்புநரை வைத்து வழி பிரிப்பவை. இதற்குத் திரையில் பக்கம் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஆற்றல் உண்டு. வீட்சே வெனிமா என்பவர் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளியிட்ட மென்பொருள் அது. அனுப்புநர் வாரியாக ரிலே பிரிக்கும் வசதி அதன் 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கேட்வே தன் போஸ்ட்ஃபிக்ஸ் கோப்புகளை ஒரு வார்ப்புருவிலிருந்து தானே எழுதிக்கொள்ளும். நேரே கோப்பில் கை வைத்தால், அடுத்த முறை திரையில் எதையாவது மாற்றும்போது நாம் எழுதியது போய்விடும். எனவே வார்ப்புருவின் நகலை அதற்கென்று உள்ள கோப்புறையில் வைத்து, அதில் நம் வரிகளைச் சேர்த்து, பிறகு ஒத்திசைவுக் கட்டளையை ஓட்ட வேண்டும். ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான்தான் முதல் வாரம் ஆவணம் படிக்காமல் நேரே கோப்பில் எழுதி, மறுநாள் காலை எல்லாம் மறைந்திருக்கக் கண்டு, இரவில் யாரோ வந்து கை வைத்திருக்கிறார்கள் என்று அலுவலக உதவியாளரைச் சந்தேகித்தேன். அந்தப் பையனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

சேர்க்க வேண்டியவை பெரிய வித்தையல்ல. ஒரு பட்டியலில் இன்ன அனுப்புநர் டொமைனுக்கு இன்ன ரிலே. இன்னொரு பட்டியலில் இன்ன அனுப்புநருக்கு இன்ன பயனர் பெயர், கடவுச்சொல். அனுப்புநருக்கேற்ப உள்நுழையலாம் என்று ஓர் அனுமதி வரி. இந்த மூன்றாவதை மறந்தால் இரண்டு நிறுவனமும் ஒரே கணக்கில் நுழைய முயலும்.

சதுர அடைப்புக்குறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது அது. ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் 'எம்.எக்ஸ். தேடாதே, நேரே இந்த இயந்திரத்துக்கே போ' என்று பொருள். அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அந்தப் பெயருக்கு எம்.எக்ஸ். எது என்று தேடிக்கொண்டு வேறெங்காவது போகலாம். அத்தோடு முடியவில்லை. வழிப் பட்டியலில் அடைப்புக்குறியும் 587 என்ற போர்ட் எண்ணும் போட்டு எழுதியிருந்தால், கடவுச்சொல் பட்டியலில் அனுப்புநருக்குப் பதில் ரிலேயின் பெயரால் எழுதும் வரியும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நான் ஒன்றில் போட்டேன், மற்றதில் விட்டேன். கேட்வே கடவுச்சொல்லைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று கொடுக்காமலேயே ரிலேயின் கதவைத் தட்டியது. அவர்கள் 'யார் நீ?' என்றார்கள். ஆதாரில் 'எஸ். லட்சுமி', ரேஷன் அட்டையில் 'லட்சுமி எஸ்.' என்று இருந்தால் அலுவலகத்தில் என்ன ஆகும்? அதேதான் இதுவும்.

எந்தப் பட்டியல் எதை வெல்லும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெறுநரை வைத்து எழுதிய டிரான்ஸ்போர்ட் வரி, அனுப்புநரை வைத்து எழுதிய வழியை வென்றுவிடும். அனுப்புநர் வழி, பொதுவான ஸ்மார்ட்ஹோஸ்டை வெல்லும். எனக்கு இது சாதகம்: லாரி நிறுவனத்தவர் மணலிக்கு அனுப்பினாலும் அது நேரே மணலிக்குத்தான் போகிறது. அஞ்சலகத்தில் உள்ளூர்க் கட்டை முதலில் தனியே ஒதுக்கிவிட்டுப் பிறகு மீதியைப் பிரிப்பார்களே, அதே முறை.

இனி என் கண்ணைத் திறந்த விஷயம். லாரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அக்கா ஒரு பில் மென்பொருள் வைத்திருக்கிறார். அதிலிருந்து போகும் பில்கள் லாரி நிறுவனத்தின் பெயரில்தான் திரையில் தெரிகின்றன. ஆனால் கேட்வே அவற்றைச் சுங்க நிறுவனத்தின் வழியில் அனுப்பிக்கொண்டிருந்தது. ரிலே திருப்பி அனுப்பியது. பட்டியலை ஆறு முறை சரிபார்த்தேன். பட்டியலில் பிழை இல்லை. பிழை என் புரிதலில்தான்.

மின்னஞ்சலுக்கு இரண்டு அனுப்புநர்கள் உண்டு. ஒன்று உறையின் பின்பக்கம் எழுதிய முகவரி. இன்னொன்று உள்ளே கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்ட பெயர். நாம் படிப்பது கடிதத்தாள். தபால்காரர் பார்ப்பது உறை. வழி பிரிப்பதெல்லாம் உறையைப் பார்த்துத்தான் நடக்கிறது. அந்தப் பில் மென்பொருளில், கடிதத்தாளில் லாரி நிறுவனப் பெயரும் உறையில் சுங்க நிறுவன முகவரியும் இருந்தன. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்னால் நிறுவும்போது போட்டது. இருபது ஆண்டு உறை ஒட்டிய எனக்கு இது புரிய மூன்று நாள் ஆனது என்பதுதான் வெட்கம். மென்பொருளில் உறை முகவரியை மாற்றியதும் சரியாயிற்று. அதே காரணத்தால்தான் டிமார்க் சோதனையிலும் அந்தப் பில்கள் தவறியிருக்கின்றன. உறையில் உள்ள டொமைனோ, கையொப்பமிட்ட டொமைனோ கடிதத்தாளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றுதான் அது பார்க்கிறது.

இன்னொன்று: உறையில் அனுப்புநரே இல்லாத கடிதங்களும் உண்டு. சேரவில்லை என்று திரும்பிவரும் அறிவிப்புகள் அப்படித்தான் பயணம் செய்யும். திரும்பியதே திரும்பித் திரும்பி ஓடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. அவற்றுக்கு அனுப்புநர் பட்டியலில் பொருந்த எதுவும் இருக்காது. பொதுவான ஸ்மார்ட்ஹோஸ்ட் வழியில்தான் போகும். அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

டி.என்.எஸ். பக்கம் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ரிலே சேவையை எஸ்.பி.எஃப். வரியில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருந்த வரியில் சேர்க்காமல் நான் இரண்டாவதாகப் புதிய வரி போட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதிப்பவர் இரண்டையும் தள்ளிவிட்டுப் பிழை என்று எழுதிவிடுவார். அந்த ஒரே வரிக்குள்ளும் 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு நாள் எங்கள் அஞ்சல் முன்னிருந்ததைவிட மோசமாக இருந்தது. டி.கே.ஐ.எம். கையொப்பம் மட்டும் ஒரே முயற்சியில் வந்தது. திரையிலேயே சாவி உருவாக்கி, அது காட்டும் வரியை டி.என்.எஸ்.ஸில் ஒட்டினேன், அவ்வளவுதான்.

முதலாளி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் டிராக்கிங் சென்டர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், நேரம் போட்டுத் தேடினால், இன்ன நேரத்தில் வாங்கினேன், இன்ன விதியை ஓட்டினேன், இன்ன சர்வரிடம் கொடுத்தேன், அவர் 250 (வாங்கிக்கொண்டேன் என்பதற்கான குறி எண்) என்று ஒப்புக்கொண்டார் என்று வரிவரியாக வரும். முதன்முதலில் பார்த்தபோது என் பழைய நீள நோட்டே திரும்பி வந்ததுபோல் இருந்தது. இந்த ஒரு பக்கத்துக்காகவே இதை வைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு மட்டில்தான். ரிலே வழியாக அனுப்பும்போது, அந்த 250-ஐச் சொன்னவர் ரிலேக்காரர். வாடிக்கையாளரின் சர்வர் அல்ல. கவுன்டரில் வாங்கிய ரசீது அது, வீட்டில் கையெழுத்து வாங்கிய ஒப்புகை அட்டை அல்ல. மீதிப் பயணத்தை ரிலே சேவையின் பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் அருகருகே திறந்து வைத்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் உள்ள தனி அடையாளமான மெசேஜ் ஐ.டி.யை வைத்துப் பொருத்துகிறேன். இது கேட்வேயின் குறையல்ல, எந்தக் கேட்வே வாங்கினாலும் இப்படித்தான். விற்க வந்த மூன்று பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

தாமத எச்சரிக்கை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கடிதம் வரிசையில் மாட்டிக்கொண்டால் அனுப்பியவருக்கு 4 மணி நேரம் கழித்து 'இன்னும் போகவில்லை' என்று தகவல் வரும். எங்கள் தொழிலில் 4 மணி நேரம் என்பது ஒரு நாள் மாதிரி. காலையில் அனுப்பியது மாட்டிக்கொண்டதை மாலையில் தெரிந்துகொண்டு என்ன செய்வது? 1 மணி நேரமாகக் குறைத்தேன். போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கம் 5 நாள் முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும் என்பது. 5 நாளில் கன்டெய்னருக்கு என்னென்ன கட்டணம் ஏறும் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வரிசைப் பக்கத்தின் பயனை மழைக்காலத்தில் பார்த்தேன். கொசஸ்தலையாறு பெருகி மணலிப் பக்கம் தண்ணீர் நின்ற ஒரு நாள், கிடங்கின் இணைப்பு காலையிலேயே போய்விட்டது. அங்கே போக வேண்டிய 37 கடிதங்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் எந்த முகவரியைத் தொட முடியவில்லை என்ற காரணம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மற்ற இரண்டு வழிகளில் அஞ்சல் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. முதல் முயற்சி தோற்றால் 5 நிமிடத்தில் தொடங்கி, இடைவெளி கூடிக்கூடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்வரை விட்டுவிட்டு முயலும். மாலை ஐந்து மணிக்குக் கிடங்குப் பொறுப்பாளர் தம்பி கூப்பிட்டு, "அக்கா, லைன் வந்துவிட்டது" என்றதும் எல்லாவற்றையும் தள்ளும் பொத்தானை அமுக்கினேன். "போதும் அக்கா, மொத்தமாகக் கொட்டுகிறது" என்று சிரித்தார்.

யாருக்குச் சரிப்படும்? அஞ்சல் பெட்டிகளை முழுக்க மேகச் சேவையில் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. அலுவலகத்திலேயே சர்வர், ஒன்றுக்கு மேல் டொமைன், ஸ்கேனரும் பில் மென்பொருளும் தன்னிச்சையாக அஞ்சல் அனுப்பும் இடம் என்றால் வைத்துப் பாருங்கள். ஒரே ரிலே, ஒரே டொமைன் என்றால் கடவுச்சொல் ஒன்றுக்கு மட்டும் வார்ப்புருவைத் தொட்டால் போதும். அனுப்புநர் வாரியாகப் பிரிக்க வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தயங்காத ஒருவர் அலுவலகத்தில் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் காசு கொடுத்து வேறொன்றை வாங்குவதே நல்லது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. முதலாளி ஒன்பது மாதமாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்: ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வக்கீல் எழுதிக்கொடுத்த பொறுப்புத் துறப்பு வாசகம் வர வேண்டுமாம். வெளியே போகும் விதிகளில் அதற்கும் இடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. 'சரி' என்ற ஒரு சொல் பதிலுக்குக் கீழே பதினொரு வரி வாசகம் தொங்குவதை நினைத்துப் பார்த்து, நானாகவே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சந்தா கட்டலாமா என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. சோதித்து முடித்த புதுப்பிப்புகள் அதில் கிடைக்கும், அந்தச் சிறு பெட்டியும் எழாது. பெட்டி என்னைத் தொந்தரவு செய்யவில்லை, புதுப்பிப்புதான் கவலை. நான் நகலெடுத்து வைத்த வார்ப்புருவைக் கேட்வே தானாகத் தொடாது. புதிய பதிப்பு தன் வார்ப்புருவில் எதையாவது மாற்றியிருந்தால் நான்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் செய்கிறேன். முதல் மெட்ரோவைப் பிடித்து மண்ணடியில் இறங்கினால் தெருவில் ஒரு வண்டியும் இருக்காது. கோயில் மணி மட்டும் கேட்கும். மேலே வந்து பரணிலிருந்து ஒரு பழைய நீள நோட்டை இறக்கி, பின்பக்கத்து வெற்றுத்தாளில் எந்த வரியை எப்போது ஏன் மாற்றினேன் என்று தேதி போட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் ஒத்திசைவுக் கட்டளையை ஓட்டுகிறேன்.